இரண்டு வளைவு தூரம்

போஸ்ட்மாஸ்டர் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, ‘இதை இன்ன இடத்தில் சேர்த்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டால் போதும், அது போய்ச் சேரும்வரை மனிதருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அந்த வியாதி தீரவில்லை. பக்கத்து வீட்டுக் கடிதம் தவறிப்போய் இவர் வீட்டுப் பெட்டியில் விழுந்தால், பல்கூடத் தேய்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துதான் மறுவேலை. முப்பத்துநாலு வருஷ வேலையில் அவர் கையிலிருந்து ஒரு தபால் பை தாமதமானதில்லை. அதில் பெரிய ரகசியமும் இல்லை. எந்தப் பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் பையை ஏற்றிவிட வேண்டும். தெரிந்த டிரைவர், வசதியான பஸ் என்ற கதையெல்லாம் அவரிடம் நடக்காது.

இந்த ஒரு நல்ல பழக்கம்தான் அன்று அவர் குடும்பத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

மலைக் கணவாயை மழைக்காலத்தில் பார்க்க வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. இன்று நேற்று ஆசை இல்லை, கல்யாணம் ஆன புதிதில் சொன்னது. அப்போது லீவு இல்லை, பிறகு மகனுக்குப் பரீட்சை, அதன்பிறகு அந்த அம்மாளின் முட்டி போய்விட்டது. போன மாதம்தான் ஒரு காலில் ஆபரேஷன் முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடக்கிறாள். “இப்பப் பார்க்கலைன்னா எப்பப் பார்க்கறது அத்தை?” என்று மருமகள்தான் காரை எடுத்தாள். மகன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான்.

மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நல்ல பெண். கையில் சிவப்பு மைப் பேனாதான் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் போஸ்ட்மாஸ்டர் மேல்தொட்டி வழிய வழிய மோட்டாரை நிறுத்த மறந்தார். மறுநாள் சுவிட்சுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சீட்டு: ‘மோட்டார்?’ இன்னொரு நாள் அடுப்பு. அங்கேயும் சீட்டு. அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, பேசியிருந்தால்கூடத் தேவலை. போன வாரம் அவள் போனில் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது இவர் காதில் விழுந்தது. “மாமாவுக்கு ஞாபகம் குறையுதுங்க. டாக்டர்கிட்ட காட்டணும். தனியா வெளிய அனுப்பவே பயமா இருக்கு.” அன்று முதல் போஸ்ட்மாஸ்டர் ஒவ்வொரு காரியத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தார். இன்னும் ஒரே ஒரு தப்பு, அவ்வளவுதான், வீட்டில் தன்னையும் ஒரு நோயாளியாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து செத்தார்.

கணவாயின் உச்சியில் ஒரு கேட். அதற்குக் கீழே ஆறு கிலோமீட்டர் ரோட்டில் பாதியை முந்தின வருஷத்து மழை வாரிக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்தது ஒரு வண்டி அகலம். அதனால் ஒரு வேளை இறங்குகிற வண்டிகள், அவை முடிந்ததும் ஏறுகிற வண்டிகள். அவர்கள் போனபோது இறங்குகிற முறை. வரிசையில் இவர்கள் கார்தான் கடைசி.

கேட்டுக்காரர் ரெயின்கோட்டோடு வந்து மருமகள் பக்கத்துக் கண்ணாடி வழியாக என்னவோ விளக்கமாகச் சொன்னார். கூரைமேல் கொட்டுகிற மழையில் பக்கத்து சீட்டிலிருந்த போஸ்ட்மாஸ்டருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, கம்பில் சுற்றிய ஒரு சிவப்புக் கொடியை இவர் கையில் திணித்தார்.

“கீழ் கேட்டுல குடுத்திடுங்க பெரியவரே. மறந்துடாதீங்க.”

மறப்பதாவது! போஸ்ட்மாஸ்டர் கொடியை மடியில் குறுக்காக வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இரண்டு கிலோமீட்டர் இறங்கியதும் மலையைக் குடைந்து அகலப்படுத்திய ஓர் இடம். ஏழெட்டு வண்டி நிற்கலாம். கம்பித் தடுப்புக்கு அப்பால் பள்ளத்தாக்கு. ஏற்கெனவே ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. மருமகள் குடையைப் பிடித்தபடி மாமியாரை மெள்ள இறக்கித் தடுப்போரம் நடத்திக்கொண்டு போனாள். மேகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் விலகியது. எதிர்மலை முழுக்க அருவி. பெரியது, சிறியது, நூல் நூலாக ஒழுகுவது என்று எண்ணி முடியாது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அந்த அம்மாள் வாயைப் பிளந்து நின்றவள், “ஐயோ, இதைப் போய் இத்தனை வருஷம் பார்க்காம இருந்தேனே” என்று அழுதேவிட்டாள்.

போஸ்ட்மாஸ்டரால் அருவியைப் பார்க்க முடியவில்லை. கையில் கொடி. வாக்கரோடு அவள் திரும்பி வந்து ஏறுவதற்கு இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். கீழே ஒருவன் இதற்காகக் காத்திருக்கிறான். இந்த நேரத்தில் வெள்ளைக் காரில் வந்த இளஞ்ஜோடி கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பியது. முதலில் கிளம்புவது எதுவோ அது! போஸ்ட்மாஸ்டர் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

“தம்பி, இதைக் கீழ் கேட்டுல குடுத்திடறீங்களா? அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“குடுத்துடறேன் சார்” என்றான் அந்தப் பையன். அவன் கடைசி வண்டி இல்லை. அவனுக்கு யாரும் எதையும் விளக்கியிருக்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் சட்டைப் பேனாவை எடுத்து அந்தக் காரின் நம்பரை உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். ரசீது இல்லாமல் அவர் எதையும் அனுப்பியதில்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அருவியைப் பார்த்தார்.

கார் மறுபடி கிளம்பி ஐம்பதடிகூடப் போயிருக்காது. மேகம் இறங்கி ரோட்டை மூடிக்கொண்டது. மருமகள் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தை வைத்து ஓட்டினாள்.

“ரொம்ப நேரம் நின்னுட்டோம். கீழ எல்லாரும் நம்மளைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. கொடி பத்திரம் மாமா. அது போய்ச் சேர்ந்தாத்தான் ரோடு காலின்னு அவங்களுக்குத் தெரியும். அப்புறம்தான் மேல வர்ற பஸ்ஸை விடுவாங்களாம்.”

போஸ்ட்மாஸ்டர் தன் வெறும் மடியைப் பார்த்தார்.

“பத்திரமா இருக்கில்ல?”

“ம்” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்குவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வெள்ளைக் கார் கிளம்பிப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். மீதி நாலு கிலோமீட்டர். கொடி போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டைத் திறந்திருப்பான். திறந்திருக்க மாட்டான் என்று மனசு உடனே வாதாடியது. அந்தப் பையன் கொடுக்க மறந்து நேராகப் போயிருக்கலாம். கேட்டுக்காரன் டீ குடிக்கப் போயிருக்கலாம். ‘கடைசிக் கார் எது?’ என்று அவனே விசாரித்திருக்கலாம். இன்னும் பத்து நிமிஷம் எதுவும் எதிரில் வராமல் இருந்தால் போதும், கேட்டைத் தாண்டிவிடலாம், யாருக்கும் தெரியாது, எந்தச் சுவரிலும் சீட்டு ஏறாது.

முதல் கொண்டை ஊசி வளைவு போனது. சொல்லிவிடு என்றது மனசு. அவர் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார்.

இரண்டாவது வளைவு போனது. அங்கே தடுப்புச் சுவர் இல்லை. சுண்ணாம்பு அடித்த கற்களை மட்டும் வரிசையாக வைத்திருந்தார்கள். மருமகள் மலைப்பக்கம் உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு ஊர்ந்தாள்.

வளைவைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில், வெகு கீழே, ஒரு ஹார்ன் கேட்டது. நீளமாக, கனமாக. பஸ்.

“நிறுத்தும்மா!” போஸ்ட்மாஸ்டர் கத்தினார். “நிறுத்து! கொடி என்கிட்ட இல்ல.”

கார் நின்றது. மருமகள் அவர் மடியைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள்.

“எங்க போச்சு?”

“முன்னாடி கிளம்பின வெள்ளைக் கார்ல குடுத்தனுப்பிட்டேன். சீக்கிரம் போய்ச் சேரட்டும்னு.”

அவள் முகம் வெளிறிப்போனதை அவர் பார்த்தார். பின் சீட்டில் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி, “என்னங்க சொல்றீங்க?” என்றாள். மருமகள் போனை எடுத்துப் பார்த்து சீட்டில் எறிந்தாள். சிக்னல் இல்லை.

திருப்புவதற்கு இடம் கிடையாது. ஒதுங்குவதற்கும் இடம் கிடையாது. இறங்கி ஓடலாம், ஆனால் அந்த அம்மாளால் எழுந்து நிற்கவே ஐந்து நிமிஷம் ஆகும். இருக்கிற ஒரே வழி, காரைப் பின்பக்கமாகவே ஏற்றி அந்த அகலமான இடத்துக்குக் கொண்டுபோவது. மேகத்துக்குள், மேட்டில், இரண்டு வளைவு.

“நீ பின்னால போயிக்கிட்டே இரும்மா. நான் கீழ போய் பஸ்ஸை நிறுத்தறேன்.”

“மாமா, நீங்க அவங்க கண்ணுக்கே தெரிய மாட்டீங்க, இந்த மேகத்துல—”

“பேசிக்கிட்டு இருக்க நேரமில்ல, போ!”

மனைவி தோளிலிருந்த செம்மஞ்சள் சால்வையை உருவிக் கொடுத்தாள். அவர் கதவைச் சாத்தும்போது மருமகள் பின்னால் திரும்பி, “அத்தை, பின் கண்ணாடியில பார்த்துச் சொல்லிக்கிட்டே வாங்க” என்பது கேட்டது.

அறுபத்துமூன்று வயசில் மழையில் சறுக்குகிற ரோட்டில் ஓடினால் எப்படி இருக்கும் என்று ஓடினவருக்குத்தான் தெரியும். ஒரு செருப்பு பிய்ந்து போனது, இன்னொன்றை அவரே உதறிவிட்டார். அருவிச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. திடீரென்று மேகத்துக்குள் மங்கலாக இரண்டு வெளிச்சம். அவர் ரோட்டின் நடுவில் நின்று சால்வையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசினார். “நிறுத்து! நிறுத்து!” என்ற கத்தல் அவர் காதுக்கே எட்டவில்லை. வெளிச்சம் பெரிசாகிக்கொண்டே வந்தது. ஒதுங்கிவிடலாம் என்று கால் சொன்னது. ஒதுங்கினால் அடுத்தது அவர்கள்தான். நின்றார்.

பிரேக் அலறியது. பஸ் சறுக்கியபடியே வந்து, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது.

“சாகறதுக்கு வேற இடமே கிடைக்கலையா பெருசு?” டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். “கேட்டுல ரோடு காலின்னு சொல்லித்தானே விட்டாங்க!”

“காலி இல்லைங்க. மேல எங்க கார் இருக்கு. கொடியை நான்தான் தப்பா முன்னாடியே அனுப்பிட்டேன்.” மூச்சு வாங்கியது. “ரிவர்ஸ்ல போய்க்கிட்டு இருக்கு.”

“ரிவர்ஸ்லயா? யாரு ஓட்டறது?”

“என் மருமக.”

டிரைவர் ஒரு கணம் எதிரில் அடைத்து நின்ற மேகத்தைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. “நானே இந்த ரோட்டுல ரிவர்ஸ் எடுக்க யோசிப்பேன் சார்” என்றார்.

பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு லாரிகள் இருந்தன. எல்லாரும் பின்வாங்குவது ஆகாத காரியம். கண்டக்டர் ஓடிப்போய் லாரிக்காரர்களை அங்கேயே நின்று பிறகு வரச் சொல்லிவிட்டு வந்தார். போஸ்ட்மாஸ்டரும் அவரும் முன்னால் நடக்க, பஸ் அவர்கள் முதுகைப் பார்த்து ஊர்ந்து வருவது என்று முடிவானது. “ஏறி உக்காருங்க, நான் நடக்கறேன்” என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் காதில் வாங்கவில்லை.

கார் நின்ற இடம் வந்தது. கார் இல்லை. நல்லது. வளைவுக்குப் போனார்கள். சுண்ணாம்புக் கற்கள் வரிசையாக இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கல் இருந்த இடம் காலி.

அந்த இடத்துச் சேற்றில் டயர்த் தடம் ஓரத்தை நோக்கிப் போயிருந்தது. ஓரம் புதிதாக இடிந்திருந்தது. தடத்தில் பாதி ரோட்டில் இருந்தது, மீதிப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் ஓரத்துக்குப் பாய்ந்தார். கண்டக்டர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார். கீழே மேகம். கல் போன சத்தமோ, கார் போன சத்தமோ, எதுவும் அங்கே மிச்சம் இல்லை. அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணம் ஆன புதிதில் கூப்பிட்ட செல்லப் பெயர் அது. நாற்பது வருஷமாக அந்தப் பெயரை அவர் வாய் சொன்னதில்லை.

“பெரியவரே! பெரியவரே, இங்க பாருங்க!” கண்டக்டர் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். “சக்கரம் மறுபடி மேல ஏறியிருக்கு. இதோ தடம். மலைப்பக்கமா வளைஞ்சு போயிருக்கு பாருங்க.”

போயிருந்தது. அவர் குனிந்து அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்டக்டர் அவரைக் கைத்தாங்கலாகத்தான் மீதித் தூரம் கூட்டிப் போனார்.

அகலமான இடத்தில் கார் கோணலாக நின்றது. நான்கு விளக்கும் விட்டு விட்டு எரிந்தன. மருமகள் ஸ்டீரிங்கை இன்னும் இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தாள்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மாமா?”

“உங்களுக்கு?”

“ஒண்ணுமே இல்ல. நேரா வந்துட்டோம். ஈஸியா இருந்துச்சு” என்றாள். உதடு வெளுத்திருந்தது.

பஸ் வந்து நின்று ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். கண்டக்டர் நடந்ததைக் கை காலை ஆட்டிச் சொன்னார், சொல்லச் சொல்ல போஸ்ட்மாஸ்டர் பஸ்ஸைக் கையாலேயே தடுத்து நிறுத்தின மாதிரி ஆகிவிட்டது. டிரைவரும் சேர்ந்துகொண்டார். “கொடியை மாத்தி அனுப்பினது தப்புதான்மா. ஆனா தெரிஞ்ச உடனே ஓடி வந்தாரு பாருங்க, அது பெரிய மனசு. உங்க மாமனாரு வீரர்மா.”

காரின் ஜன்னல் வழியாக மனைவி அவரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரிந்த உடனே. அந்த வார்த்தையைக் கேட்ட போஸ்ட்மாஸ்டர் டீயைக் குடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ் கிளம்பிப் போனது. லாரிகள் இன்னும் ஏறி வந்து சேரவில்லை. மூன்று பேரும் தனியாக இருந்தார்கள். சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். மருமகள் சொன்ன அந்த ‘ஈஸியா’வை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

“இரண்டாவது வளைவுல கல்லு இல்லம்மா. நான் தடத்தைப் பார்த்தேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ என்னைக் காப்பாத்தப் பொய் சொல்ற. சொல்லாதே. நான் உடனே ஓடலை.” அவர் மனைவியையும் பார்த்துவிட்டுச் சொன்னார். “கொடி பத்திரமான்னு நீ கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ‘ம்’னு சொன்னேன் பாரு, அப்பவே. ரெண்டு வளைவு வாயை மூடிக்கிட்டு வந்தேன்.”

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மருமகள் கணக்கு டீச்சர் அல்லவா, அவள் மனசில் தூரம் ஓடுவது முகத்தில் தெரிந்தது.

“நான் கேட்டப்ப நாம இதோ, இந்த மரத்துக்கிட்டதான் இருந்தோம்” என்றாள் மெதுவாக. “அப்பவே சொல்லியிருந்தா பத்துப் பதினைஞ்சு மீட்டர் ரிவர்ஸ். அந்த வளைவுக்கே நான் போயிருக்க வேண்டாம்.”

“ஆமாம்மா.”

“என்கிட்டச் சொல்ல அவ்வளவு பயமா மாமா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். “ஆமாம்மா” என்றார். “டாக்டர்கிட்ட காட்டணும்னு நீ போன்ல சொன்னதைக் கேட்டேன். பஸ்ஸைவிட அதுதான் பயமா இருந்துச்சு.”

அவள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். காருக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“நான் பள்ளத்துப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழ ரோடே இல்ல. கத்தினா இவ கை நடுங்கிடும்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நானும் பேசலை, நீங்களும் பேசலை. ரெண்டும் ஒண்ணாங்க?”

அவர் நனைந்த சால்வையை ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார்.

மருமகள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மாமா, சீட்டு ஒட்டினது என் தப்பு. வாய்விட்டுக் கேட்டிருக்கணும். ஆனா இனிமே ஒரு தப்பு நடந்தா அந்த நிமிஷமே சொல்லுங்க. நான் கத்துவேன். கத்தறதைக் கேட்டுக்கங்க. ஆனா சொல்லிடுங்க.”

“சரிம்மா.”

“இப்பக் கத்தட்டுமா?”

“கத்தும்மா” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

கத்தினாள். உங்களுக்கு அறிவிருக்கா என்று ஆரம்பித்தாள். அத்தை செத்திருப்பாங்க, நான் செத்திருப்பேன், உங்க பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது என்று, மலை எதிரொலிக்கிற அளவுக்கு, மூச்சு விடாமல். இரண்டு லாரிகளும் ஏறி வந்து, வேகத்தைக் குறைத்து, வேடிக்கை பார்த்துவிட்டுக் கடந்து போயின. சர்வீஸ் முழுக்க மேலதிகாரி ஒருவரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் வெறுங்காலோடு மழையில் நின்று கடைசி வார்த்தைவரை கேட்டார்.